ரஷோமோன்: வாயிலும் புதரும்

சொல்லை விரும்பும் அன்பரே, 'ரஷோமோன்' என்னும் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அகிரா குரோசாவா 1950-இல் எடுத்த 88 நிமிடப் படத்தின் பெயராக அதை உலகம் அறியும். ஒரே நிகழ்ச்சியை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் கதைகளுக்கெல்லாம் இன்று அதுவே பொதுப்பெயர். ஆனால் பொருளுக்குள் நுழையுமுன் அதன் முதல் ஒலியிலேயே நமக்கு ஒரு விருந்து காத்திருக்கிறது. ரகரம் மொழிக்கு முதலாகாது என்பது நம் இலக்கணம். அதனால்தான் வடசொல் தமிழ் வாசலைக் கடக்கையில் அரங்கம் என்றும் இராமன் என்றும் உரோமம் என்றும் ஓர் உயிரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வருகிறது. ஜப்பானியத்தின் தொல்குடிச் சொற்களும் இதே வழக்கத்தை உடையவை. அங்கும் எந்தப் பழஞ்சொல்லும் ரகரத்தில் தொடங்குவதில்லை. ஆக, 'ர' என்று தொடங்கிய அந்த நொடியே இது கடல் கடந்து சீனத்திலிருந்து வந்த சொல் என்று ஒரு ஜப்பானியச் செவி அறிந்துகொள்ளும், இராமன் என்றதும் நம் செவி அறிந்துகொள்வதைப் போலவே.

பெயரில் மூன்று சீன எழுத்துகள் உள்ளன. மூன்றாவதாகிய 'மோன்' எளியது. வாயில் என்பது பொருள். முதலாவதாகிய 'ர' வலையையும், வலைபோல் இழையோடிய மெல்லிய பட்டையும், அதிலிருந்து விரித்துப் பரப்புதலையும் சூழ்ந்து நிற்றலையும் குறிக்கும். நடு எழுத்துதான் இந்தப் பெயரின் வரலாற்றையே சுமக்கிறது. முதலில் அந்த இடத்தில் மதிலையும் கோட்டையையும் குறிக்கும் 'ஜோ' என்ற எழுத்து நின்றது. வலைபோல் நகரைச் சூழ்ந்த மதில் 'ராஜோ'. அந்தப் புறமதிலின் வாயில் 'ராஜோமோன்'. 794-இல் தலைநகரான ஹெய்யான்-கியோவின், அதாவது இன்றைய கியோத்தோவின், தென்முனையில், நகரை நடுவே பிளந்து ஓடிய சுசாகுப் பெருந்தெருவின் அடிவாயிலுக்கு இட்ட பெயர் இது. பெயரில் மதில் இருந்ததே தவிர, நகரைச் சுற்றி முழு மதில் எழவில்லை. சீனத் தலைநகரங்களைப் பார்த்து வரைந்த திட்டத்தில் வாயில் எழுந்தது, அதை ஒட்டித் தெற்கு எல்லையில் சிறிது தொலைவு சுவர் எழுந்தது, மற்றது சொல்லோடு நின்றது. அந்த வாயிலும் நிலைக்கவில்லை. 816-இல் புயல் அதைச் சாய்த்தது, மீண்டும் கட்டினார்கள், 980-இல் மறுபடி சாய்ந்தபோது எடுத்துக்கட்ட யாரும் முன்வரவில்லை. அமைதி என்று பொருள்படும் 'ஹெய்யான்' என்ற பெயரைத் தாங்கிய நகரத்தின் நெற்றிவாயில், கேட்பாரற்ற பிணங்களையும் கள்வரையும் ஏற்கும் இடமாகக் கதைகளில் நின்றது. இன்று அங்கே ஒரு கல்தூண் மட்டும் இடத்தைச் சுட்டி நிற்கிறது.

கட்டடம் மறைந்தபின் பெயர் வளரத் தொடங்கிய விதம் நம் நெஞ்சை அள்ளக்கூடியது. நோ நாடக ஆசிரியர் கன்சே நொபுமிட்சு இந்த வாயிலை மேடைக்குக் கொண்டுவந்தார்; வாயிலில் அரக்கன் ஒருவன் குடியிருப்பதாகக் கேட்ட வீரன் வதனபே நோ த்சுனா தனியே போய்ப் பொருது அவன் கையைத் துணித்த கதை அது. அந்த நாடகத்தின் தலைப்பில் நடு எழுத்து மாறியது. மதிலைக் குறிக்கும் எழுத்து விலகி, உயிரையும் பிறப்பையும் குறிக்கும் எழுத்து வந்து அமர்ந்தது. 'ஜோ' போய் 'ஷோ' வந்தது. இந்த மாற்றத்துக்கு ஒலிவழி ஒரு நியாயம் உண்டு. சீன எழுத்துகளை ஜப்பானியர் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிகளில் படிப்பார்கள்; மதில் எழுத்துக்கு 'ஜோ', 'செய்' என்ற இரண்டும் உண்டு, உயிர் எழுத்துக்கு 'ஷோ', 'செய்' என்ற இரண்டும் உண்டு. 'செய்' என்னும் பொது ஒலியில் இரண்டும் கைகோத்துக்கொள்ள, ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்தது இயல்பே. வந்தபின் பொருள் முழுதும் திரிந்துவிட்டது. சுற்றுமதில் வாயில் என்று கட்டடப்பொருள் தந்த பெயர், இப்போது எந்த மதிலையும் சொல்லாமல், உயிர் என்ற ஒரு சாயலை மட்டும் காட்டி நிற்கிறது.

அரக்கன் என்றேன் அல்லவா, அதில் தமிழ்ச் செவிக்கு இன்னொரு விருந்தும் உண்டு. பௌத்த நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்த்தவர்கள் வடமொழி ஒலிகளைச் சீன எழுத்தில் வடித்தபோது, 'ர' என்ற ஒலிக்கு இதே வலை எழுத்தை மிகுதியாகக் கையாண்டார்கள். ராட்சசனைக் குறிக்கும் 'ரசெத்சு' என்ற ஜப்பானியச் சொல் இந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. வாயிலின் பெயருக்கும் அரக்கனின் பெயருக்கும் வேர்த்தொடர்பு கிடையாது. ஆயினும் எழுத்தைக் கண்ணால் படிக்கும் ஒரு பண்பாட்டில், அரக்கன் குடியிருந்த வாயிலின் முகப்பிலும் அரக்கன் பெயரின் முகப்பிலும் ஒரே எழுத்து நிற்பது படிப்பவர் மனத்தில் சிறு நடுக்கத்தை எழுப்பாமல் இராது. அதே ராட்சசன் நம்மிடம் வந்தபோது அகரத்தைத் துணைகொண்டு அரக்கன் ஆனான்; ரகரத்தில் தொடங்க மறுத்த இரண்டு மொழிகளில் ஒன்று விருந்தாளியின் ஒலியைத் தன் வழக்குக்கு வளைத்துக்கொண்டது, மற்றொன்று அயலொலியை அப்படியே உள்ளே விட்டது.

அடுத்த அடுக்கு ரியுனோசுகே அகுதாகவா உடையது. 'கொஞ்ஜாக்கு' என்னும் பழங்கதைத் தொகுதியில், வாயிலின் மாடியில் ஏறிய கள்வன் ஒருவன் பிணத்தின் தலைமயிரைப் பிடுங்கும் கிழவியைக் கண்ட கதை உண்டு. அங்கே வாயில் பழைய மதில் எழுத்தோடுதான் நிற்கிறது. 1915-இல் அந்தக் கதையைச் சிறுகதையாக்கிய இளம் அகுதாகவா, தலைப்புக்கு நோ நாடகத்தின் உயிர் எழுத்தை எடுத்துக்கொண்டார். வேலை இழந்த பணியாள் மழைக்கு ஒதுங்குகிறான். பட்டினியால் சாவதா, கள்வனாவதா என்று தயங்குகிறான். பொய்முடி செய்ய மயிர் பிடுங்கும் கிழவி தன் செயலுக்குச் சொல்லும் நியாயத்தையே தனக்கும் நியாயமாக்கிக்கொண்டு அவள் உடையைப் பறித்து ஓடுகிறான். உயிர் பிழைப்பது பற்றிய கதைக்கு உயிர் எழுத்து எத்தனை பொருத்தம் பாருங்கள்.

நாம் படத்தில் காணும் கொலைக்கதை இதில் இல்லை. அது 1922-இல் அவர் வெளியிட்ட வேறொரு சிறுகதை. பெயர் 'யாபு நோ நாகா'. யாபு என்பது செறிந்த புதர்க்காடு, நாகா என்பது உள், இடையில் நிற்கும் 'நோ' நம் ஆறாம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்வது. புதரின் உள். சொல்லுக்குச் சொல், வரிசைக்கு வரிசை, தமிழில் அப்படியே இறங்கி உட்காரும் தலைப்பு இது. உருபைப் பெயருக்குப் பின் வைக்கும் இரு மொழிகளுக்கிடையே மட்டும் கிடைக்கும் இன்பம். புதருக்குள் ஒருவன் கொலையுண்ட அந்தக் கதையில் கதைசொல்லி என்று யாருமில்லை. விறகுவெட்டி, துறவி, காவலன், பெண்ணின் தாய், கள்வன் தஜோமாரு, கணவனை இழந்த பெண், ஆவியழைப்பவள் வாய்வழி இறந்த கணவன் என ஏழு வாக்குமூலங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. எது மெய் என்று ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஜப்பானியர் இன்றும், உண்மை இன்னதென்று தெரியாத வழக்கைப் பற்றிப் பேசும்போது, உண்மை யாபு நோ நாகா என்று சொல்கிறார்கள். சிறுகதைத் தலைப்பு மரபுத்தொடராகிவிட்டது.

ஆக ஜப்பானியர் 'புதரின் உள்' என்கிறார்கள். மற்ற உலகம் 'ரஷோமோன்' என்கிறது. சுட்டப்படும் செய்தி ஒன்று, சுட்டும் பெயர் இரண்டு. இதை வெறும் வழக்கு வேறுபாடு என்று கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. எடுத்துரைப்பியல் என்று நாம் அழைக்கும் கலை பிரித்துக்காட்டும் இரண்டு தளங்களும் இந்த இரண்டு பெயர்களில்தான் வெவ்வேறாக நிற்கின்றன.

ரஷ்ய உருவவியலார் நடந்ததையும் சொன்னதையும் பிரித்தார்கள். நிகழ்ச்சிகள் காலவரிசையில் கிடக்கும் கிடப்பை 'ஃபாபுலா' என்றார்கள். அவை கதையில் அடுக்கப்பட்டு வெளிப்படும் முறையை 'சூழெத்' என்றார்கள். முன்னது பேசுதலை வேராகக் கொண்ட இலத்தீன் சொல், பின்னது பிரெஞ்சு வழி ரஷ்யத்துக்கு வந்தது. இரண்டும் இரவல், ஆயினும் இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் புதிய கருவியாக்கிய பெருமை விக்தர் ஷ்க்லோவ்ஸ்கி முதலானோருடையது. தமிழில் நமக்குக் கதை என்றும் கூற்று என்றும் சொல்ல முடியும். அகப்பாடலைத் தொல்காப்பியர் பகுத்தபோது கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம் என்று செய்யுளுறுப்புகளை எண்ணினார். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எங்கே நின்று சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்ற நான்கு கேள்விகளையும் கற்ற நமக்கு, குரோசாவாவின் படம் அயல்நிலத்தில் எழுந்த அறிமுகமான வீடு.

படத்தைக் கூற்றுவழிப் பிரித்துப் பாருங்கள். இடிந்த வாயிலில் மழைக்கு ஒதுங்கிய மூவர்: விறகுவெட்டி, துறவி, வழிப்போக்கன். அங்கே சொல்லப்படுவது, அன்று வழக்குமன்ற முற்றத்தில் சொல்லப்பட்டது. முற்றத்தில் சொல்லப்பட்டது, மூன்று நாள் முன்பு புதருக்குள் நடந்தது. வாயில், முற்றம், புதர் என மூன்று களன்கள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்திருக்கின்றன. ஒளியாலேயே குரோசாவாவும் ஒளிப்பதிவாளர் கசுவோ மியாகவாவும் அவற்றைப் பிரித்துவிடுகிறார்கள். வாயிலில் ஓயாத மழை, முற்றத்தில் பளிச்சென்ற வெளிச்சம், புதரில் இலைகளுக்கிடையே சிதறும் வெயில். கள்வனின் சொல்லும் பெண்ணின் சொல்லும் நமக்கு நேர்க்கூற்றாக வருவதுபோல் தோன்றினாலும், வாயிலில் அமர்ந்த இருவர் கொண்டெடுத்து மொழிந்த அயற்கூற்றுகளே அவை. அந்த இருவரில் விறகுவெட்டி மன்றத்தில் முழுமையையும் சொல்லவில்லை என்பது பின்னர் வெளிப்படுகிறது. எச்சம் எங்கே இருக்கிறதென்று தேடும் பழக்கமுள்ளவர், பெண்ணின் காணாமற்போன கைக்கத்தியைத் தேடி அவனிடமே வந்து நிற்பார்.

முற்றத்துக் காட்சிகளில் கேட்போர் இடம் வெறுமையாக உள்ளது. நீதிபதியை நாம் பார்ப்பதில்லை, அவர் குரலையும் கேட்பதில்லை. சாட்சிகள் கேள்வியைத் தாமே திருப்பிச் சொல்லிக்கொண்டு, நம்மை நோக்கியபடி விடை சொல்கிறார்கள். கேட்போர் என்னும் உறுப்பை ஒழித்து அந்த இடத்தில் பார்வையாளரை உட்கார்த்திய இந்தத் துணிவைப் படத்தின் தலையாய அழகு என்பேன்.

இனி வகைமை என்ற சொல்லுக்கு வருவோம். பிரெஞ்சின் 'ழான்ர்' இலத்தீனில் பிறப்பையும் குலத்தையும் குறித்த 'கெனுஸ்' வழி வந்தது. எனவே ஒரு படம் எந்த வகைமை என்று கேட்பது, எந்தக் குடியில் பிறந்தாய் என்று கேட்பதுதான். ஜப்பானியர் தம் படங்களை முதலில் இரு பெருங்குடிகளாகப் பிரித்தார்கள்: பழங்காலத்தைக் காட்டுவது ஜிதாய்-கெக்கி, இக்காலத்தைக் காட்டுவது கெந்தாய்-கெக்கி. பழங்காலப் படங்களுக்குள் வாட்போரே பெரிதாக நிற்பவற்றுக்கு இன்னொரு பெயர் உண்டு. அதைச் சொல்லும்போது நாவே துள்ளும். 'சம்பரா'. வாளோடு வாள் மோதும் 'சன்சன்' என்ற ஒலியும், வெட்டுண்டு சிதறும் 'பராபரா' என்ற ஒலியும் ஒட்டிப் பிறந்த சொல் அது. சலசல, மளமள என்று இரட்டைக்கிளவியில் ஓடும் தண்ணீரையும் முறியும் கிளையையும் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு திரைப்பட வகைமையின் பெயரே இரட்டைக்கிளவியிலிருந்து பிறந்தது என்பது எத்தனை உவப்பு.

ரஷோமோன் காலத்தால் ஜிதாய்-கெக்கி. ஆனால் அதற்குள் பேசும் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வகைமையைத் தேர்ந்துகொண்டு பேசுகிறார்கள். படத்தை மீண்டும் மீண்டும் பார்க்கும்போது எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான். தோஷிரோ மிஃபுனேயின் கள்வன் சொல்வது சம்பரா: பெண்ணைக் கவர்ந்தேன், கணவனின் கட்டை அவிழ்த்து நேருக்கு நேர் பொருதேன், 23 முறை வாள் மோதி வென்றேன் என்று தன்னைத் தானே பாட்டுடைத் தலைவன் ஆக்கிக்கொள்கிறான். மச்சிகோ கியோவின் பெண் சொல்வது கண்ணீர்நாடகம்: கணவனின் வெறுப்புப் பார்வையைத் தாங்காமல், கையில் கத்தியோடு மயங்கி விழுந்தாள், விழித்தபோது கத்தி அவன் மார்பில். மசாயுகி மோரியின் கணவன், ஆவியின் குரலில், சொல்வது மானத்தின் அவலநாடகம்: என்னைக் கொல்லச் சொன்னாள் மனைவி, கள்வனுக்கே அது அருவருத்தது, நானே என்னைக் குத்திக்கொண்டேன். கடைசியில் விறகுவெட்டி, வாயிலில் அமர்ந்து, மன்றத்தில் சொல்லாமல் விட்டதைச் சொல்லும்போது, அதே வாட்போர் மீண்டும் வருகிறது. இம்முறை வாள் பிடித்த கைகள் நடுங்குகின்றன, இருவரும் தடுக்கி விழுகிறார்கள், மூச்சிரைத்து மண்ணில் புரள்கிறார்கள், வெற்றி தற்செயலாக வருகிறது. கள்வன் சொன்ன போரும் விறகுவெட்டி சொன்ன போரும் ஒரே கதைநிகழ்ச்சி. வகைமை மட்டும் வேறு. சம்பரா என்ற பெயரில் ஒலித்த வாளின் இன்னிசை இங்கே அச்சத்தின் முனகலாக இறங்கிவிடுகிறது. ஒரு வகைமை தன்னைத் தானே சோதித்துக்கொண்ட காட்சி என்று இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

துப்பறியும் கதை என்ற குடியோடு இந்தப் படத்துக்குள்ள உறவு இதனினும் நுட்பமானது. எடுத்துரைப்பியலார் த்ஸ்வெத்தான் தோதரோவ் 1966-இல் எழுதிய கட்டுரையில், துப்பறியும் கதைக்குள் குற்றத்தின் கதை, தேடலின் கதை என இரண்டு கதைகள் உள்ளன என்றார். முதலாவது முடிந்துபோய் மறைந்திருக்கிறது, இரண்டாவது அதை மீட்டுத் தருகிறது. பிணம், சாட்சிகள், விசாரணை, காணாமற்போன கருவி என அந்த வகைமையின் கருப்பொருள் அனைத்தும் ரஷோமோனில் இருக்கின்றன. தேடலின் கதை நீள்கிறது, குற்றத்தின் கதை மீளவே இல்லை. அதைவிடப் பெரிய திருப்பம் ஒன்று உண்டு. துப்பறியும் கதையில் குற்றம் சாட்டப்பட்டவர் ஒவ்வொருவரும் நான் செய்யவில்லை என்பார்கள். அதில்தான் அந்த வகைமையின் இயக்கமே இருக்கிறது. இங்கே கள்வன் என் வாளால் என்கிறான், பெண் தன் கைக்கத்தியைக் காட்டுகிறாள், இறந்தவனோ நானே என்கிறான். மூவரும் கொலையைத் தம்மேல் ஏற்றிக்கொள்கிறார்கள். தண்டனைக்கு அஞ்சிச் சொன்ன பொய்யை அவிழ்க்கத் துப்பறிவாளருக்குத் தெரியும். தன்மதிப்பைக் காக்கச் சொன்ன பொய்யை அவிழ்க்க அந்த வகைமையில் கருவியே கிடையாது.

விளாதிமிர் பிராப் 1928-இல் ரஷ்ய நாட்டார் கதைகளைப் பகுத்து, 31 செயற்கூறுகளும் ஏழு வகைப் பாத்திரங்களும் போதும் என்று காட்டியதை இங்கே பொருத்திப் பார்க்கலாம்; பொருந்தும், ஒவ்வொரு கூற்றுக்கும் தனித்தனியாக. கள்வன் சொல்லும்போது அவன் தலைவன். கணவன் சொல்லும்போது மனைவி எதிரியாகிறாள், கள்வன் ஏறத்தாழ நீதி சொல்பவனாகிறான். பாத்திரம் என்பது ஆளிடம் இல்லை, சொல்பவரிடம் இருக்கிறது என்று பிராப்பின் அட்டவணை இந்தப் படத்தின் கையில் புதுப் பொருள் பெறுகிறது. அதே 1950-இல் வெளிவந்த ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'ஸ்டேஜ் ஃபிரைட்' படத்திலும் பொய்யான பின்னோக்குக் காட்சி ஒன்று உண்டு. கண்ணால் காட்டியதை மறுக்கலாமா என்று பலர் அதைக் குறை சொன்னார்கள். அங்கே பொய் ஒரு தந்திரம். பொய்யைக் கண்டுபிடித்ததும் உண்மை கைக்கு வந்துவிடும். ரஷோமோனில் காட்டப்பட்டது பொய் என்று தெரிந்தபின்னும் உண்மை வராது.

பாரிசில் ஜெரார் ழெனெத் 1972-இல் எடுத்துரைப்பின் இலக்கணத்தை எழுதியபோது, ஒரே நிகழ்ச்சியைப் பல பாத்திரங்களின் பார்வையில் காட்டும் முறைக்கு முன்பெல்லாம் ராபர்ட் பிரௌனிங்கின் 'மோதிரமும் புத்தகமும்' என்ற நெடுங்கவிதையே சான்றாக நின்றதென்றும், அந்த இடத்தை இப்போது ரஷோமோன் பிடித்துக்கொண்டதென்றும் குறித்தார். இங்கே பெயர் தன் கடைசித் தாவலைத் தாவுகிறது. இடப்பெயராய் இருந்தது, நாடகப்பெயர், கதைப்பெயர், படப்பெயர் ஆகி, கலைச்சொல் ஆகிறது. 1951-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றதால் படம் உலகெங்கும் சென்றது. படத்தோடு பெயர் சென்றது. 1988-இல் மானிடவியலார் கார்ல் ஹெய்டர், ஒரே குடியினரை ஆய்ந்த இருவர் ஏன் முரண்படுகிறார்கள் என்று ஆராய்ந்த கட்டுரைக்கு 'ரஷோமோன் விளைவு' என்று தலைப்பிட்டார். இப்போது வழக்குரைஞரும் இதழாளரும் அரசியல் பேசுவோரும் அதைக் கையாள்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். இருவர் கருத்து மாறுபட்டாலே ரஷோமோன் என்று சொல்லும் தளர்ந்த வழக்கு பரவியிருக்கிறது. அது பெயருக்குச் செய்யும் அநீதி. நின்ற இடம் மாறியதால் பார்வை மாறிய கதை இதுவன்று. ஒருவர் மற்றவர் முன் தாம் எவ்வாறு தோன்ற வேண்டும் என்று விரும்பியதால் கூற்று மாறிய கதை.

இப்போது இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். 'புதரின் உள்' என்பது கொலை நடந்த களன், நடந்ததன் பெயர். 'ரஷோமோன்' என்பதோ, கள்வனும் பெண்ணும் கணவனும் படத்தில் ஒருமுறைகூட வந்து நிற்காத இடம். அங்கே எதுவும் நடக்கவில்லை. அங்கே சொன்னார்கள், கேட்டார்கள். கூற்றின் களனுக்குத்தான் படம் பெயர் பெற்றது. ஷினோபு ஹஷிமோட்டோ முதலில் எழுதிய திரைக்கதை புதரின் கதையை மட்டும் கொண்டது; படத்துக்கு நீளம் போதாமல் வாயிலின் கதையைச் சேர்த்தபோது, சேர்த்த பகுதியின் பெயரே முழுப்படத்தின் பெயராயிற்று. சேர்த்தது நீளத்துக்காக என்றாலும் சேர்ந்தபின் அதுவே பொருளின் திறவுகோல். வழிப்போக்கன் குளிர்காய வாயிலின் பலகைகளையே பிடுங்கி எரிக்கிறான். கேட்பவன் சொல்லும் இடத்தைச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருக்கிறான். முடிவில் கைவிடப்பட்ட குழந்தையின் உடையை அவன் பறித்துச் செல்லும்போது அகுதாகவாவின் 1915 கதை திரும்ப வருகிறது; குழந்தையை விறகுவெட்டி எடுத்துக்கொள்ள, மழை விடுகிறது. குலைந்த சமநிலை மீள்வதே கதை என்பார் தோதரோவ். இங்கே மீண்டது வாயிலின் சமநிலை மட்டும். புதரில் குலைந்தது குலைந்தபடியே கிடக்கிறது. மீட்சி கூற்றின் தளத்தில்தான் நிகழ்கிறது, ஆகையால் அத்தளத்தின் பெயரை உலகம் எடுத்துக்கொண்டது சரியே.

பெயரைக் கொண்டு படத்தின் கூற்றை அளக்கும் இந்த முறையை அதன் வழிவந்தவற்றிலும் செய்து பார்க்கலாம். மார்ட்டின் ரிட் 1964-இல் இதே கதையை அமெரிக்க மேற்குநிலப் படமாக்கி, வாயிலை ஒரு பாழடைந்த ரயில் நிலையமாக மாற்றினார். தலைப்பை 'தி அவுட்ரேஜ்' என்று வைத்தார். கொடுஞ்செயல் என்று பெயரிட்டதும் கூற்றிலிருந்து கவனம் செயலுக்குத் திரும்பிவிட்டது.

தமிழுக்கு ரஷோமோன் வந்தது 'அந்த நாள்' வழியே. எஸ். பாலசந்தர் இயக்க, ஏ.வி.எம். தயாரித்து, ஜாவர் சீதாராமன் எழுதி, 1954-இல் பாட்டே இல்லாமல் வந்த படம். இரண்டாம் உலகப் போரில் சென்னைமேல் ஜப்பானியக் குண்டு விழுந்த 1943 அக்டோபரை ஒட்டி நடக்கும் கதை. ஜப்பானியருக்கு நாட்டின் மறைபொருளை விற்ற வானொலிப் பொறியாளன் கொல்லப்படுகிறான், ஒவ்வொருவரும் மற்றொருவரைச் சுட்டிக்காட்டுகிறார்கள். சுட்டிக்காட்டுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ரஷோமோனில் மூவரும் தம்மைச் சுட்டினார்கள். இங்கே பிறரைச் சுட்டுகிறார்கள். அதனால் படம் துப்பறியும் குடிக்கே திரும்பிவிடுகிறது. கொன்றவர் யார் என்பதை முடிவில் நாம் அறிகிறோம். தலைப்பிலும் சுட்டெழுத்துத்தான் நிற்கிறது: 'அந்த'. சேய்மையில் உள்ள ஒன்றைச் சுட்டும் அகரம், அப்படி ஒன்று ஐயமின்றி உண்டு என்பதையும் கூடவே சொல்லிவிடும். நடந்த நாள் ஒன்றே, அதைத் தேடி அடையலாம் என்ற உறுதி அந்தச் சுட்டில் இருக்கிறது.

ஐம்பது ஆண்டு கழித்து 2004-இல் கமல்ஹாசன் தம் படம் ஒன்றில் இரண்டு கூற்றுகளை எதிரெதிரே வைத்தார். சிறைக்குள் ஆவணப்படம் எடுக்க வந்தவரிடம் முதலில் கொத்தாளத் தேவர் சொல்கிறார், பின்பு அதே நிகழ்ச்சிகளை விருமாண்டி சொல்கிறான்; முதற்கூற்றில் வில்லனாய் நின்றவன் இரண்டாம் கூற்றில் தலைவனாகிறான். படத்துக்கு முதலில் அறிவித்த பெயர் 'சண்டியர்'. எதிர்ப்பு எழவே 'விருமாண்டி' ஆயிற்று. பெயர்மாற்றத்தின் காரணம் திரைக்கு வெளியே இருந்தது, விளைவோ எடுத்துரைப்பின் நடுவில் போய் விழுந்தது. சண்டியர் என்பது ஊரார் ஒருவனைப் பார்த்துச் சொல்லும் சொல். படர்க்கையில் நின்று, இவன் இன்ன வகை என்று தீர்ப்பளிக்கும் பட்டம். அந்தத் தலைப்பு நிலைத்திருந்தால் அது கொத்தாளனின் கூற்றோடு ஒத்து ஒலித்திருக்கும். விருமாண்டி என்பது அவனுக்கு வீட்டில் இட்ட பெயர். இரண்டாவதாகப் பேசப் போகிறவனின் பக்கம், முதலாமவன் வாய் திறக்கும் முன்பே, படம் போய் நின்றுவிட்டது.